அந்த பி.யூ.சி. வருஷம்

1964-ஆம் வருஷம் ஜூன் மாதக் கடைசியில் ஒரு நாள் விடியற்காலம், முசிறிக்கு அருகே காவிரியின் வடகரையிலிருந்த எங்கள் கிராமத்திலிருந்து, தகப்பனார் தலையில் ஒரு டிரங்குப் பெட்டியும் என் கக்கத்தில் ஒரு படுக்கைச் சுருட்டுமாகப் பரிசலேறி அக்கரை சேர்ந்து, குளித்தலை ரயிலடியில் இரண்டு மணி நேரம் காத்துக் கிடந்து, பாசஞ்சர் வண்டியில் திருச்சிக் கோட்டை ஸ்டேஷனில் போய் இறங்கினோம். மலைக்கோட்டையை நான் அதற்கு முன்பே இரண்டு தடவை பார்த்ததுண்டு. ஆனால் அதன் நிழல் விழும் பட்டணத்தில் தங்கிப் படிக்கப் போகிறவனாக, என்னுடைய ஊராகவே அதை ஏறிட்டுப் பார்த்தது அன்றுதான். அப்போது என் நெஞ்சில் இருந்தது சந்தோஷமா பயமா என்று கேட்டால், இத்தனை வருஷங்களுக்குப் பிறகும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அங்கே நான் சேர்ந்த கல்லூரியைப் பற்றி யார் என்னிடம் விசாரித்தாலும் என் வாயிலிருந்து முதலில் வருவது ஒரு பெருமூச்சும், அடுத்து வருவது ஒரு புகழுரையுமாக இருப்பதைக் கண்டு என் வீட்டார் ஆச்சரியப்படுவார்கள். அந்த இரண்டுக்கும் காரணத்தை எழுதிப் பார்க்கலாம் என்று இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

பி.யூ.சி. என்ற எழுத்துக்கள் இக்காலத்துப் பிள்ளைகளுக்கு அர்த்தமாகாது. சென்னைச் சர்வகலாசாலையார் 1956-இல் இரண்டு வருஷ இண்டர்மீடியட் படிப்பை எடுத்துவிட்டு, எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன் பட்டப் படிப்பில் நுழைவதற்கு முன்பு ஒரே ஒரு வருஷம் கல்லூரியில் படித்துத் தன்னைத் தயார் செய்துகொள்ளட்டும் என்று ஏற்படுத்திய புகுமுக வகுப்பு அது. 1978-இல் மேல்நிலைப் பள்ளிகள் வந்தபோது மறைந்துபோயிற்று. திருச்சிக் கல்லூரிகளெல்லாம் அப்போது சென்னைச் சர்வகலாசாலையைச் சேர்ந்தவையே. பதினோரு வருஷம் தமிழிலேயே கணக்கும் பௌதிகமும் ரசாயனமும் கற்றுவந்த ஒரு பிள்ளை, அந்த ஒரே வருஷத்துக்குள், அதிலும் லீவுகள் போகக் கிடைக்கிற எட்டு மாதங்களுக்குள், அத்தனையையும் ஆங்கிலத்தில் மறுபடியும் கற்றுக்கொண்டு, மேற்கொண்டும் கற்க வேண்டும் என்பதே அதன் ஏற்பாடு. இந்த ஏற்பாட்டைச் செய்த பெரியவர்கள் எங்களைப் போன்ற பையன்களை மனக்கண்ணாலாவது பார்த்திருப்பார்களா என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு.

பிராணவாயு என்று நான் பத்திரமாக மனத்தில் வைத்திருந்தது ஆக்ஸிஜன் ஆயிற்று. கந்தக அமிலம் சல்ஃப்யூரிக் ஆசிட் ஆயிற்று. நெம்புகோல் லீவர் ஆயிற்று. சொற்கள் மாறினால் என்ன, பொருள் ஒன்றுதானே என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் தனக்குத் தெரிந்த விஷயம் தனக்குத் தெரியாத பாஷையில் தன் எதிரிலேயே விரிவாகப் பேசப்பட்டுக் கொண்டிருக்க, அது தனக்குத் தெரிந்த விஷயம்தான் என்பதைக்கூட அறியாமல் ஒருவன் உட்கார்ந்திருக்க நேர்வது எத்தகைய அநாதைத்தனம் என்பது அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். பௌதிக வகுப்பில் மூன்று வாரம் ‘ஃப்ரிக்‌ஷன்’ என்ற ஏதோ ஒரு புதிய சக்தியைப் பற்றி நடத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது உராய்வு என்று தெரிந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பத்தாம் வகுப்பில் உராய்வுப் பாடத்தில் எங்கள் பள்ளியிலேயே முதல் மார்க் வாங்கியவன் நான்.

முன் பெஞ்சுகளில் கான்வென்ட்டில் படித்தவர்களும், பின் பெஞ்சுகளில் துறையூர், லால்குடி, முசிறிப் பக்கத்துப் பையன்களும் தாமாகவே உட்கார்ந்துகொண்டோம். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை. ஜூலை மாதத்தில் ஆங்கில ஆசிரியர் எங்களுக்குக் கொடுத்த முதல் வியாசத்தின் விஷயம் ஜவாஹர்லால் நேரு. பண்டிதர் காலமாகி ஒன்றரை மாதம்தான் ஆகியிருந்தது. மே 27-ஆம் தேதி அந்தச் செய்தி வந்தபோது எங்கள் ஊர்ச் சாவடியில் அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்த கிழவிகளை நான் பார்த்திருந்தேன். அதையெல்லாம் எழுத எனக்கு ஆசை. எழுதத்தான் பாஷை இல்லை. அகராதியைப் புரட்டி, இரண்டு ராத்திரி பிரயாசைப்பட்டு ஒரு பக்கம் எழுதினேன். கடைசி வாக்கியத்தில், நேரு நம் இதயங்களில் என்றென்றும் வாழ்வார் என்று சொல்ல நினைத்து, வாழ்வார் என்பதற்கு ‘மே லிவ்’ என்று எழுதிவிட்டேன்.

ஆசிரியர் அந்த வாக்கியத்தை வகுப்பில் உரக்க வாசித்தார். “மே என்றால் வாழலாம், வாழாமலும் போகலாம். இவ்வளவுதானா அப்பா உன்னுடைய பக்தி?” என்று கேட்டார். வகுப்பு முழுவதும் சிரித்தது. பின் பெஞ்சும் சேர்ந்து சிரித்தது. எனக்கு அதுதான் அதிகமாக வலித்தது. அதற்குப் பிறகு அவர் கரும்பலகையில் ‘மே’, ‘ஷால்’, ‘வில்’ என்று மூன்று சொற்களை எழுதி, அனுமதி இன்னது, உறுதி இன்னது, கட்டளை இன்னது என்று முக்கால் மணி நேரம் மிக அழகாக விளக்கினார். அவர் கெட்டவர் அல்ல. நல்ல ஆசிரியர் என்றே இப்போது நினைக்கிறேன். ஆனால் அன்று அவர் விளக்கியதில் ஒரு சொல்கூட என் காதில் ஏறவில்லை. லஜ்ஜையில் காது அடைத்துப்போயிருந்தது. ஒரு பிள்ளையை வெட்கப்படுத்திய உடனே அவனுக்குப் பாடம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை என்பதை, பிற்காலத்தில் நானும் உபாத்தியாயர் வேலை பார்த்த முப்பத்திரண்டு வருஷமும் நான் மறக்கவில்லை.

கணித ஆசிரியர் ஒருவர் எங்களைத் தேற்றுவதாக எண்ணி ராமானுஜத்தின் கதையைச் சொன்னார். கும்பகோணம் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்த ராமானுஜன் கணக்கைத் தவிர மற்றதைக் கவனியாமல், ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தில் தவறி, உபகாரச் சம்பளத்தை இழந்தார். 1962-இல் அவருடைய எழுபத்தைந்தாம் பிறந்த தினத்துக்குச் சர்க்கார் தபால் தலை வெளியிட்டார்கள், பார்த்தீர்களா என்றார். பையன்கள் மகிழ்ந்தார்கள். எனக்கு மட்டும் ஆறுதல் பிறக்கவில்லை. ராமானுஜத்துக்கு ஆங்கிலம் போனாலும் கணிதம் இருந்தது. எனக்கு ஆங்கிலம் போனால் கணிதமும் பௌதிகமும் எல்லாமே அதனோடு கூடப் போய்க்கொண்டிருந்தனவே. மகாமேதையின் கஷ்டத்தைச் சாமானியப் பிள்ளைக்கு உதாரணம் காட்டுவது அவனுக்கு நீதி செய்வதாகாது.

இவ்வளவையும் சொன்ன பிறகு, நான் அந்த ஸ்தலத்தை வெறுத்தேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அங்கே ஒரு தராசு இருந்தது.

ரசாயன ஆய்வுசாலையை ஒட்டிய ஒரு சிறிய அறையில், காற்று நுழையாதபடி ஜன்னல்களைச் சாத்தி, கருங்கல் மேடைகளின்மேல் கண்ணாடிக் கூடுகளுக்குள் வைக்கப்பட்டிருந்தன அந்தத் தராசுகள். எங்கள் ஊர் மளிகைக் கடையில் புளியும் மிளகாயும் நிறுக்கிற தராசை அல்லாமல் வேறொன்றை நான் கண்டதில்லை. இங்கே எடைக் கற்களைக் கையால் தொடக்கூடாது. விரலின் பிசுக்கு ஒட்டினால் எடை கூடிவிடும், ஆகையால் இடுக்கியால் எடுக்க வேண்டும். கூட்டின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிறுக்கக்கூடாது; நாம் விடுகிற மூச்சுக்கே தட்டு அசையும். தண்டின் நடுவே அகேட் என்னும் கடினமான கல்லில் செய்த கத்திமுனை. தண்டின்மேல் இங்குமங்கும் நகர்த்தி மில்லிகிராம் கணக்குப் பார்க்க ஒரு மெல்லிய கம்பி வளையம். மேடை சமமாக இருக்கிறதா என்று காட்ட ஒரு தூக்குக் குண்டு. சமமாக இல்லாவிட்டால் சரி செய்ய அடியிலே திருகுகள். முதல் நாள் நான் ஒரு சிறு துண்டுக் காகிதத்தை நிறுத்து, பிறகு அதன்மேல் பென்சிலால் என் பெயரைத் தமிழில் எழுதி மறுபடியும் நிறுத்தேன். ஊசி ஒரு மயிரிழை நகர்ந்ததாக எனக்குத் தோன்றிற்று. உண்மையிலேயே நகர்ந்ததோ, என் ஆவல்தான் அப்படிக் காட்டியதோ அறியேன். ஆனால் அந்த அறையைவிட்டு வெளியே வந்தபோது, இவ்வளவு நுட்பமான ஒன்றை முசிறிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவன் கையில் நம்பிக் கொடுக்கிற ஓர் இடம் என்னை முற்றிலும் தள்ளிவிட்டதாக ஆகாது என்று நினைத்தேன். அந்த அறையில் யாரும் பேசுவதில்லை. பாஷையே தேவைப்படாத அந்த நிசப்தத்தில் நான் எல்லோருக்கும் சமமாக இருந்தேன்.

அதற்கு அடுத்தபடி என்னைக் காப்பாற்றியது நூல்நிலையம். பெரியசாமித் தூரன் பிரதம ஆசிரியராக இருந்து, தமிழ் வளர்ச்சிக் கழகத்தார் 1954 முதல் வெளியிட்டுவந்த கலைக்களஞ்சியத் தொகுதிகள் அங்கே ஒரு கண்ணாடி பீரோவில் பூட்டிக் கிடந்தன. அந்தக் கனத்த புத்தகங்களைக் கேட்டு எடுத்துப் படிப்பவர் அநேகமாக இல்லை என்று நூல்நிலையத்துச் சிப்பந்தி சொன்னார். காலையில் வகுப்பில் கேட்ட ஆங்கிலச் சொற்களை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்து, மாலையில் அந்தத் தொகுதிகளில் அவற்றுக்குரிய தமிழைத் தேடுவேன். சில நாள் கிடைக்கும். பல நாள் கிடைக்காது. கிடைத்த நாளில், வகுப்பில் காலையில் நடந்த பாடம் அந்தச் சாயங்கால வேளையில் எனக்கு நடக்கும். மலைக்கோட்டையில் மணி அடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். அறைக்குப் போனால் நீலகிரியில் தேயிலைத் தோட்டத்து அதிகாரி ஒருவரின் பிள்ளை, என் அறைத்தோழன், தமிழ்ச் செய்யுளைப் பதம் பிரிக்கத் தெரியாமல் எனக்காகக் காத்திருப்பான். அவனுக்கு நான் செய்யுளைச் சொல்லிக்கொடுக்க, எனக்கு அவன் கட்டுரையைத் திருத்திக்கொடுப்பான். முன் பெஞ்சிலும் பயம் உண்டு என்று நான் தெரிந்துகொண்டது அவனால்தான்.

ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அவ்வருஷம் அரிசிக்குத் தட்டுப்பாடு. செலவை மாணவர்கள் பங்கிட்டுக்கொள்ளும் டிவைடிங் முறையில் மெஸ் பில் மாதா மாதம் ஏறிக்கொண்டே போயிற்று. வாழைத்தாரை விற்ற பணத்தைத் தகப்பனார் மணியார்டர் செய்வார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பியபோது கல்லூரியின் முகமே மாறியிருந்தது. 1965 ஜனவரி 26 முதல் ஹிந்தியே மத்திய சர்க்காரின் ஆட்சிமொழி ஆகிறது என்பது எல்லோர் பேச்சிலும் இருந்தது. முந்தின வருஷம் ஜனவரி 25-ஆம் தேதி, திருச்சி ரயில் நிலையத்தின் எதிரே கீழப்பழூர்ச் சின்னசாமி தீக்குளித்து மாண்டதை ஊரார் மறக்கவில்லை. சீனியர் மாணவர் ஒருவர் ஹாஸ்டல் முற்றத்தில் ஒரு பெஞ்சின்மேல் ஏறி நின்று பேசினார். நேரு, ஹிந்தி பேசாத மக்கள் விரும்புகிற வரைக்கும் ஆங்கிலம் இருக்கும் என்று வாக்களித்தார். ஆனால் 1963-இல் நிறைவேறிய ஆட்சிமொழிச் சட்டத்தில் ஆங்கிலம் தொடர்ந்து இருக்கும் என்று எழுதாமல், ‘மே கண்டினியூ’ என்று எழுதியிருக்கிறார்கள். ‘ஷால்’ என்று இருக்க வேண்டும் என்று அண்ணா கேட்டார், அவர்கள் மாற்றவில்லை. மே என்றால் இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று அவர் சொன்னபோது, கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்த எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஜூலை மாதத்தில் என் காதில் ஏறாமல் போன முக்கால் மணி நேரப் பாடம் முழுவதும் அந்த ஒரு கணத்தில் ஏறிற்று. நான் நேருவைப் பற்றி எழுதிய வாக்கியத்தில் செய்த அதே பிழை, நேருவின் வாக்குறுதியைச் சட்டமாக எழுதியபோதும் நேர்ந்திருந்தது. என்னுடையது அறியாமை. அவர்களுடையது எது என்று அந்த வயதில் எனக்குத் தீர்மானிக்கத் தெரியவில்லை.

அடுத்த சில தினங்களில் நானும் ஊர்வலத்தில் போனேன். “ஹிந்தி நெவர், இங்கிலீஷ் எவர்” என்று ஆயிரம் குரல்கள் கூவின. என் குரலும் அதில் ஒன்று. மெயின்கார்டு கேட்டைத் தாண்டும்போது எனக்கு ஒரு விநாடி தொண்டை அடைத்தது. எந்த பாஷை ஏழு மாதமாக என்னை வகுப்பின் கடைசி பெஞ்சில் ஊமையாக்கி வைத்திருந்ததோ, அந்த பாஷை என்றென்றும் இருக்க வேண்டும் என்று நான் என் முழுப் பலத்தோடு கத்திக்கொண்டிருந்தேன். பொய்யாகக் கத்தவில்லை. ஹிந்தி வந்தால் அந்த பெஞ்சுக்கும் பின்னால் எனக்கு இன்னொரு பெஞ்சு போடுவார்கள் என்று நிச்சயமாக நம்பினேன். அந்த நம்பிக்கை தவறு என்று இன்றும் நினைக்கவில்லை. ஆனாலும் தமிழுக்காகப் புறப்பட்ட அந்த ஊர்வலத்தில், பௌதிகத்தைத் தமிழில் சொல்லிக் கொடுங்கள் என்று ஒரு குரலாவது எழும்பாதா என்று உள்ளூர ஏங்கினேன். அப்படிக் கத்த எனக்கே தைரியம் வரவில்லை.

ஜனவரி 27-ஆம் தேதி சிதம்பரத்தில் அண்ணாமலைச் சர்வகலாசாலை மாணவர் ராஜேந்திரன் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார் என்று செய்தி வந்தது. எங்களைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். அன்று ராத்திரி ஹாஸ்டலில் யாரும் விளக்கேற்றவில்லை. கல்லூரிகளைக் காலவரையறையின்றி மூடிவிட்டார்கள். உடனே அறைகளைக் காலி செய்யும்படி உத்தரவு வந்தது. அவசரத்தில் திணித்ததில் டிரங்குப் பெட்டியின் தாழ்ப்பாள் பெயர்ந்துவிட, அறைத்தோழன் தன் கொசுவலைக் கயிற்றை அவிழ்த்துப் பெட்டியைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தான்.

பரிசல்துறையில் தகப்பனார் நின்றுகொண்டிருந்தார். பெட்டியைத் தலையில் வாங்கிக்கொண்டு கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். பிறகு, “ஏம்ப்பா, பள்ளிக்கூடத்த எதுக்கு மூடிப்புட்டாங்க?” என்று கேட்டார்.

“தமிழுக்காகப் போராட்டம் நடக்குதுப்பா.”

“அப்படியா, நல்லதுதான்.” இன்னும் சிறிது தூரம் நடந்தார். “அப்ப இனிமே உனக்குத் தமிழ்லயே பாடம் சொல்லுவாங்களா?”

நான் பதில் சொல்லவில்லை. அவர் என் மார்க்குகளைப் பற்றி அதுவரை ஒரு தரமும் கேட்டதில்லை. கையெழுத்தைத் தவிர வேறெதுவும் எழுதத் தெரியாத அவர், நான் எங்கே தடுக்கி விழுந்து கிடக்கிறேன் என்பதை மட்டும் எப்படியோ அறிந்திருந்தார்.

பிப்ரவரி 11-ஆம் தேதி சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் மத்திய மந்திரி பதவிகளை ராஜிநாமாச் செய்தார்கள்; நேருவின் வாக்குறுதி காப்பாற்றப்படும் என்று லால்பகதூர் சாஸ்திரி ரேடியோவில் உறுதி கூறினார். பஞ்சாயத்து ரேடியோவைச் சுற்றி நின்று கேட்டோம். அந்தச் சுப்பிரமணியம்தான், சென்னை ராஜ்யத்தில் கல்வி மந்திரியாக இருந்தபோது, 1960-இல் கோயம்புத்தூர் அரசாங்கக் கலைக் கல்லூரியில் தமிழையே போதனாமொழியாக வைத்து பி.ஏ. வகுப்பு நடத்தத் துணிந்தவர் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது. என் தகப்பனார் ஆற்றங்கரையில் கேட்ட கேள்வியை அவரும் கேட்டிருக்கிறார். சாஸ்திரியின் வாக்கு எத்தனையோ விவாதங்களுக்குப் பின் 1967-இல் சட்டத் திருத்தமாக வந்தது. தகப்பனாரின் கேள்விக்கு இன்றைக்கும் நம் பொறியியல் கல்லூரிகளிலும் வைத்தியக் கல்லூரிகளிலும் நேரான பதில் இல்லை. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ் வழியில் ஆரம்பமாயின என்று படித்த தினம் நான் அவரைத்தான் நினைத்துக்கொண்டேன். அவர் காலமாகி வெகு வருஷம் ஆகியிருந்தது.

கல்லூரி மறுபடியும் திறந்தது. பாடங்களை ஓட்டமும் நடையுமாக முடித்தார்கள். ரசாயனச் செய்முறைப் பரீட்சைக்கு வெளியூர்க் கல்லூரியிலிருந்து வந்த வயதான பரீட்சகர் ஒருவர், நான் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, அடியிலிருந்த திருகைத் தொட்டுக் காட்டி, இது எதற்கு என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்குத் தெரியும். அந்தத் தராசில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ‘டு மேக்’ என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. கண்ணாடிக் கூட்டுக்குள் ஊசி ஆடிக்கொண்டிருந்தது. “மட்டம் பார்க்க, ஐயா” என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். தூக்குக் குண்டைக் காட்டி, “இது?” என்றார் தமிழில். சொன்னேன். கத்திமுனையைக் காட்டினார், சொன்னேன். வளையத்தைக் காட்டினார், அதையும் சொன்னேன். ஐந்து நிமிஷம் ஒரு வார்த்தை ஆங்கிலம் இல்லாமல் அந்தப் பரீட்சை நடந்தது. தம் தாளில் ஏதோ குறித்துக்கொண்டு, “சரி, போய் எடையை எழுது” என்று சொல்லி அடுத்த பையனிடம் நகர்ந்தார். அங்கே ஆங்கிலத்தில் கேட்க ஆரம்பித்தார்.

முடிவு வந்தபோது ஆங்கிலத்தில் மயிரிழையில் தப்பியிருந்தேன். பௌதிகத்திலும் ரசாயனத்திலும் நல்ல மார்க். பி.எஸ்ஸி. எங்கே சேருவது என்ற பேச்சு வந்தது. கரூரில் சித்தப்பா வீட்டில் தங்கி வேறு ஏதாவது படிக்கலாம். டீச்சர் டிரெயினிங்குக்குப் போகலாம். யோசனைகள் பல இருந்தன. நான் பழைய கல்லூரிக்கே விண்ணப்பம் வாங்கி வந்திருந்தேன்.

தகப்பனார் திண்ணையில் உட்கார்ந்து அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அங்க உனக்குப் புடிச்சிருக்கா?” என்றார்.

“புடிச்சிருக்குன்னும் சொல்ல முடியலப்பா. விட்டுட்டு வரவும் மனசு வரல.”

அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் டிரங்குப் பெட்டியை இழுத்து வந்து, அதன்மேல் இன்னும் சுற்றியிருந்த கொசுவலைக் கயிற்றை அவிழ்த்துப் பத்திரமாகச் சுருட்டி என் கையில் கொடுத்து, “இத அந்தப் புள்ளகிட்டத் திருப்பிக் குடுத்துடு” என்று சொல்லிவிட்டு, தாழ்ப்பாள் வைக்கப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு கொல்லன் பட்டறைக்கு நடந்தார்.